ஒரே எச்சரிக்கை மூன்று முறை

2020 ஏப்ரல். ஊரடங்கு. வீட்டை விட்டு வெளியே போக முடியாது, காலை நடை கிடையாது, நூலகமும் பூட்டு. பேரன் தன் கல்லூரிப் பாடத்தை வீட்டிலிருந்தே படித்துக்கொண்டிருந்தான். "தாத்தா, நீங்க அந்தக் காலத்துல கோபால் எழுதினவர்தானே? பைத்தான் கத்துக்குங்க, பொழுது போகும்" என்று என் பழைய மடிக்கணினியில் அதைப் போட்டுக் கொடுத்தான். கூடவே ஐடில் என்று ஒரு ஜன்னல் வந்தது. ஒரு வரி தட்டி எண்டரை அழுத்தினால் உடனே பதில் சொல்லும். கார்டு பஞ்ச் செய்து கொடுத்துவிட்டு மறுநாள் வரை காத்திருந்தவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஒரு எண் பூஜ்யமா என்று சோதிக்க ஒரு வரி எழுதினேன். சமக்குறி போட வேண்டிய இடத்தில் 'இஸ்' என்ற சொல்லைப் போட்டுவிட்டேன். ஆங்கிலத்தில் படித்தால் சரியாகத்தானே இருக்கிறது? பதில் வந்தது, கூடவே ஒரு எச்சரிக்கையும் வந்தது: எண்ணோடு 'இஸ்' போட்டிருக்கிறாயே, இரட்டைச் சமக்குறி போட நினைத்தாயா என்று. நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே எச்சரிக்கை, எழுத்து மாறாமல், அடுத்தடுத்து மூன்று முறை வந்திருந்தது. நான் எழுதியது ஒரே வரி. செய்த தப்பும் ஒன்றுதான்.

பேரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அது அப்படித்தான் வரும் தாத்தா, கண்டுக்காதீங்க" என்றான்.

அந்தக் 'கண்டுக்காதீங்க' என்ற சொல் என்னை அன்று இரவு தூங்கவிடவில்லை. ஏன் என்று சொல்ல 1979-க்குப் போக வேண்டும்.

அப்போது நான் ஒரு பெரிய அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் புரோகிராமர். எங்களுக்கென்று சொந்த மெஷின் கிடையாது. நகரில் வேறொரு இடத்திலிருந்த ஐபிஎம் 370-ல் இரவு நேரத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்போம். கார்டுக் கட்டுகளைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவோம். கம்பைலர் எங்கள் கோபால் புரோகிராமைப் படித்துவிட்டு, ஓரங்களில் துளை போட்ட நீளமான மடிப்புத் தாளில் லிஸ்டிங் அடித்துத் தரும். கடைசிப் பக்கங்களில் தவறுகளின் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எழுத்து இருக்கும். டபிள்யூ என்றால் வெறும் எச்சரிக்கை. சி என்றால் கம்பைலர் தானே ஏதோ அனுமானித்துக்கொண்டு மேலே போகிறது. இ என்றால் தவறு. டி என்றால் பேரழிவு. அங்கேயே கடையைக் கட்ட வேண்டியதுதான்.

கோபாலில் ஒரு முற்றுப்புள்ளியை விட்டுவிட்டால் போதும், அதற்குக் கீழே உள்ள நல்ல வரிகள்கூடத் தப்பாகத் தெரியும். தப்பு ஒன்று, செய்தி முப்பது. ஆகவே பட்டியலைப் பார்க்கும்போது எங்கள் கண் இ-யையும் டி-யையும் மட்டும் தேடும். டபிள்யூ வரிகளை யாரும் படிப்பதில்லை. அதிலும் குறிப்பாக ஒரு செய்தி உண்டு: கணக்கிட்ட தொகையின் இடதுகோடி இலக்கம் வெட்டுப்படலாம் என்பது. கணக்குப் போடும் வரி ஒவ்வொன்றுக்கும் அது வரும். சம்பள நிலுவை புரோகிராம் ஒன்றில் அது 41 முறை வந்தது. 41 முறையும் அதே வாசகம், வரி எண் மட்டும் வேறு. நான் நீலப் பேனாவால் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'பழையவை' என்று எழுதி வைத்தேன்.

அந்த 41-ல் 40 பாதகமில்லாதவை. நிலுவைத் தொகையை எழுதும் கட்டத்துக்கு நான் ரூபாய்க்கு நான்கு இலக்கமும் பைசாவுக்கு இரண்டும் ஒதுக்கியிருந்தேன். யாருக்கு வரப்போகிறது பத்தாயிரம் ரூபாய் நிலுவை? ஆனால் ஒருவருக்கு வந்தது. அவர் ஓர் அட்டெண்டர். நான்கு வருடம் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டு, வழக்கு ஜெயித்துத் திரும்பி வந்தவர். பின்சம்பளம் 10,340 ரூபாய். சீட்டில் அச்சானது 340 ரூபாய். முன்னால் இருந்த ஒன்றை மெஷின் வெட்டிவிட்டது. சரிபார்க்கும் மொத்தமும் அந்த வெட்டுப்பட்ட கட்டத்திலிருந்தே கூட்டப்பட்டதால் கணக்கு அழகாக டேலி ஆனது.

அவர் சண்டை போடவில்லை. ஏதோ பிடித்தம் போலிருக்கிறது என்று நினைத்து, ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்டு 340 ரூபாயை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காக மனைவியின் சங்கிலியை அடகு வைத்தார். பதினேழு நாள் கழித்து யூனியன்காரர் ஒருவர் சொல்லி, தயங்கித் தயங்கி எங்கள் பிரிவின் வாசலில் வந்து நின்றார். நான் லிஸ்டிங்கை விரித்தேன். மேலிருந்து 23-ஆவது எச்சரிக்கை. அதன் மேல் என் நீலக் கோடு.

துணைப் பில் போட்டுப் பணம் கைக்கு வர இன்னும் ஒரு மாதம் ஆனது. அடகு வட்டியை என் கையிலிருந்து தருகிறேன் என்றேன். வாங்கவில்லை. "நீங்க என்ன சார் வேணும்னா செஞ்சீங்க? மெஷின் சொல்லியிருந்தா நீங்க பார்த்திருப்பீங்க" என்றார். மெஷின் சொல்லியிருந்தது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதன்பிறகு அவர் ஓய்வு பெறும்வரை ஒரே கட்டடத்தில் இருந்தும் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

அதனால் 'கண்டுக்காதீங்க' என்பதை என்னால் விட முடியவில்லை. ஏன் மூன்று முறை வருகிறது என்று தேட ஆரம்பித்தேன். தேடியதில், இந்தத் தொல்லைக்கு ஒரு சரித்திரமே இருப்பது தெரிந்தது.

எழுபதுகளில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் என்பவர் 'யாக்' என்ற கருவியைச் செய்தார். ஒரு மொழியின் இலக்கண விதிகளைக் கொடுத்தால், அந்த மொழியைப் படித்துப் பிரிக்கும் பகுதியை, அதாவது பார்சரை, அதுவே எழுதிக் கொடுத்துவிடும். நான் சொன்ன முற்றுப்புள்ளி வியாதிக்கு அவர் வைத்த வைத்தியம் எளிமையானது. ஒரு தவறைச் சொல்லியாகிவிட்டதா? அடுத்து மூன்று சொற்களைத் தொடர்ந்து ஒழுங்காகப் படித்து முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. மூன்று சரியாகப் போனால், பார்சர் மறுபடி தடத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். அதன்பிறகு தென்படும் தவறு புதிய தவறு. அதற்கு முன்னால் தெரிவதெல்லாம் பழைய தவறின் எதிரொலி.

சி மொழிக்கான புகழ்பெற்ற ஜிசிசி கம்பைலர் வேறொரு வழி பிடித்தது. அறிவிக்காத ஒரு பெயரைப் பயன்படுத்திவிட்டால், ஒரு ஃபங்ஷனுக்கு ஒரு முறைதான் அதைச் சொல்லும். அப்படி ஒரு முறைதான் சொல்வேன் என்பதையும் அதுவே ஒரு செய்தியாகச் சொல்லிவிடும்.

இவை தவறுகள். எச்சரிக்கை என்பது வேறு ஜாதி. தவறு என்றால் புரோகிராம் ஓடாது, ஆகவே யாராவது பார்த்தே தீர வேண்டும். எச்சரிக்கை என்றால் ஓடும், ஆகவே பார்க்காமலும் இருந்துவிடலாம். அதே ஜான்சன்தான் சி புரோகிராம்களில் சந்தேகத்துக்குரிய இடங்களைச் சுட்டிக்காட்ட 'லின்ட்' என்ற கருவியையும் எழுதினார். லின்ட் என்றால் துணியில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் தூசி. துணி கிழியவில்லை, தூசிதான். தட்டிவிட்டால் நல்லது.

பைத்தானுக்கு வருவோம். நெதர்லாந்துக்காரரான கீடோ வான் ராசம், ஆம்ஸ்டர்டாமில் வேலை பார்த்தபோது 1989 டிசம்பரில் எழுதத் தொடங்கிய மொழி அது. 2001-ல் வந்த 2.1 பதிப்பில் எச்சரிக்கைகளுக்கென்று ஒரு தனி ஏற்பாடு சேர்ந்தது. அதில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. புரோகிராம் ஓடும்போது ஓர் எச்சரிக்கை எழுந்தால், அந்த வாசகம், அந்த வகை, அந்த வரி எண் மூன்றையும் ஒரு பதிவேட்டில் குறித்துக்கொள்ளும். அதே இடத்தில் அதே எச்சரிக்கை மறுபடி எழுந்தால் பேசாமல் இருந்துவிடும். நம் ஆபீஸ் இன்வர்ட் ரெஜிஸ்டர் மாதிரி.

அப்படியிருக்க எனக்கு ஏன் மூன்று முறை வந்தது? புரோகிராம் ஓடும்போது எழும் எச்சரிக்கைகளுக்குத்தான் அந்தப் பதிவேடு. அதற்கு முன்பே, எழுதிய வரியைப் படித்து மொழிமாற்றும் கட்டத்தில் எழும் எச்சரிக்கை பதிவேடு இல்லாமலேயே வெளியே போய்விடும். எத்தனை முறை படித்தால் அத்தனை முறை கத்தும். சரி, என் ஒற்றை வரியை அது எதற்கு மூன்று முறை படிக்க வேண்டும்?

இங்கேதான் எனக்குச் சுவாரசியம் தட்டியது. ஐடில் போன்ற ஜன்னலில் நாம் எண்டர் தட்டும்போது அதற்கு ஒரு தர்மசங்கடம். நாம் சொல்லி முடித்துவிட்டோமா, இன்னும் சொல்லப் போகிறோமா? 'இப்படியானால்' என்று தொடங்கும் வரிக்குப் பின்னால் 'அப்படிச் செய்' என்ற வரி வர வேண்டும். அதற்குள் 'தப்பு' என்று கத்தினால் அது அவசரக்குடுக்கைத்தனம். உண்மையிலேயே தப்பாக எழுதியிருந்தால் காத்துக்கொண்டிருப்பதும் அசட்டுத்தனம்.

இதற்குத் தொண்ணூறுகளிலேயே ஓர் உத்தி கண்டுபிடித்திருந்தார்கள். பேரன் அந்தப் பகுதியை எனக்குத் திறந்து காட்டினான். சின்னதுதான், பாதிக்கு மேல் விளக்கக் குறிப்புகள். நாம் எழுதியதை முதலில் அப்படியே படித்துப் பார்க்கும். பிறகு கடைசியில் ஒரு வெற்று எண்டரைத் தானே சேர்த்துப் படிக்கும். பிறகு இரண்டு எண்டர் சேர்த்துப் படிக்கும். அப்படியே படித்ததில் சரியாக வந்தால், சொல்லி முடித்தாயிற்று. ஒரு எண்டர் சேர்த்த பிறகுதான் சரியாகிறது என்றால், இன்னும் வர வேண்டியிருக்கிறது. எதிலுமே சரிவராவிட்டால், ஒரு எண்டருக்கு வந்த புகாரையும் இரண்டு எண்டருக்கு வந்த புகாரையும் ஒப்பிடும். இரண்டும் ஒன்றென்றால் உண்மையான தப்பு. புகார் மாறினால், ஆசாமி இன்னும் பேசி முடிக்கவில்லை என்று காத்திருக்கும்.

குழந்தையிடம் "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுப் பார்ப்பது போல. நான் மனம்விட்டுச் சிரித்தேன். உத்தி அருமையானது. ஆனால் முன்று முறை படித்தால் மூன்று முறை எச்சரிக்கை. பெரும்பாலான எச்சரிக்கைகள் வெளியே தெரியாமல் அடக்கி வைக்கப்பட்டிருந்த காலத்தில் இது யார் கண்ணையும் உறுத்தவில்லை போலும். 2019 அக்டோபரில் வந்த 3.8 பதிப்பில் இந்த 'இஸ்' எச்சரிக்கையைப் புதிதாகச் சேர்த்து, எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார்கள். என்னைப் போன்ற கத்துக்குட்டிகள் தட்டத் தட்ட, மூன்று மூன்றாக வந்து விழுந்தது.

2020 நடுவில் அதைச் சரிசெய்து 3.8.4 பதிப்பில் கொடுத்துவிட்டார்கள். முதல் முறை படிக்கும்போது எச்சரிக்கை வழக்கம்போல வெளியே போகலாம். அடுத்த இரண்டு முறையும் வெளியே போகக் கூடாது. பேரன் புதிய பதிப்பைப் போட்டுக் கொடுத்ததும் அதே வரியைத் தட்டினேன். ஒரே ஒரு எச்சரிக்கை. திருப்தியாக இருந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சிலர் எச்சரிக்கையைக்கூடத் தவறாகவே நடத்து, புரோகிராமை நிறுத்து என்று பைத்தானுக்குக் கட்டளை கொடுத்து வைத்திருப்பார்கள். கட்டுப்பாடான ஆட்கள். இந்தத் திருத்தத்துக்குப் பிறகு, அந்த ஜன்னலில் அவர்களுடைய கட்டளை பலிக்காமல் போய்விட்டது. மூன்று குரலை ஒன்றாக்கப் போய், கேட்க வேண்டியவர்களுக்கு அந்த ஒன்றும் கேட்காமல் போனது. சில வாரங்களிலேயே அதைக் கண்டுபிடித்து மறு திருத்தம் செய்தார்கள். இதைப் படித்தபோது என் நீலப் பேனாதான் ஞாபகம் வந்தது. திரும்பத் திரும்ப வருகிறது என்று அடித்துவிடுவது சுலபம். எது அசல், எது எதிரொலி என்று பார்த்து அடிப்பதுதான் வேலை.

இன்னொரு இடத்திலும் இதே வியாதி வந்தது. கீடோ ஆரம்பத்தில் எழுதிய பார்சர் ஏறக்குறைய முப்பது வருடம் உழைத்தது. அது ஒரு சமயத்தில் அடுத்த ஒரு சொல்லை மட்டும் எட்டிப் பார்த்து முடிவெடுக்கும் வகை. ஓய்வுக்குப் போகும் வயதில் கீடோவே பாப்லோ கலிண்டோ, லிசாண்ட்ரோஸ் நிகோலாவு என்ற இரண்டு இளைஞர்களோடு சேர்ந்து புதிய பார்சர் ஒன்றை எழுதினார். 2020 அக்டோபரில் 3.9 பதிப்போடு அது வந்தது. ஒரு வழியில் போய்ப் பார்த்து, சரிவராவிட்டால் திரும்பி வந்து அடுத்த வழியில் போகும் வகை.

2021-ல் வந்த 3.10 பதிப்பு, நம் தவறுகளை விளக்கமாகச் சொல்வதற்குப் பெயர் பெற்றது. அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூடவில்லை, இங்கே காற்புள்ளி விட்டுப்போயிற்றோ என்றெல்லாம் வாத்தியார் மாதிரி சொல்லும். அதற்காகப் பார்சர் இரண்டு சுற்றுப் போகிறது. முதல் சுற்று வேகமானது; நல்ல புரோகிராம் என்றால் அதோடு முடிந்தது. தவறு இருந்தால் மட்டும் முதலிலிருந்து மறுபடி தொடங்கி, எந்த மாதிரித் தவறு என்று நிதானமாகத் தேடும். ஆனால் வழியில் ஓர் எச்சரிக்கை இருந்தால்? உதாரணமாக, சரத்துக்குள் பின்சாய்வுக்கோட்டைப் போட்டு அர்த்தமில்லாத எழுத்து ஒன்றைச் சேர்த்திருந்தால், முதல் சுற்றில் ஒரு முறை, இரண்டாம் சுற்றில் ஒரு முறை. பிற்பாடு அதற்கும் மருந்து போட்டார்கள்: இது இரண்டாம் சுற்றா? அப்படியானால் பேசாமல் திரும்பு. ஏன் பேசக் கூடாது என்பதற்கு, இரண்டு முறை காட்டுவதைத் தவிர்க்கத்தான் என்று பக்கத்திலேயே குறிப்பும் எழுதி வைத்தார்கள். அந்தக் குறிப்பு எனக்குப் பிடித்திருந்தது. நான் கோடு மட்டும் இழுத்தேன். ஏன் இழுத்தேன் என்று எழுதவில்லை. எழுத உட்கார்ந்திருந்தால் 23-ஆவது வரியில் கை நின்றிருக்கும்.

கடைசியாக அந்த 'இஸ்' விஷயம். அதில் என்ன அப்படிக் கேடு என்று கேட்பீர்கள். உங்கள் சட்டைப்பையில் ஒரு பத்து ரூபாய் நோட்டு, என் சட்டைப்பையில் ஒரு பத்து ரூபாய் நோட்டு. மதிப்பு ஒன்றா என்றால் ஒன்றுதான். இதுவும் அதுவும் ஒரே நோட்டா என்றால் இல்லை. சமக்குறி கேட்பது முதல் கேள்வி, 'இஸ்' கேட்பது இரண்டாவது. ஆனால் பைத்தான் சிக்கனத்துக்காக மைனஸ் 5 முதல் 256 வரையிலான எண்களை ஒவ்வொன்று மட்டும் செய்து வைத்துக்கொண்டு எல்லோருக்கும் அதையே கொடுக்கும். ஆகவே சின்ன எண்களில் 'இஸ்' சரியான விடையே தரும். சோதித்துப் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். 256-ஐத் தாண்டியதும் என்றாவது ஒருநாள் கவிழ்த்துவிடும்.

இதைப் புரிந்துகொண்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்கு இலக்கக் கட்டமும் இப்படித்தான். 9,999 வரை யாருக்கும் தப்பாகவில்லை. நான்கு வருடம் காத்திருந்து பெரிய தொகை பெற வேண்டியிருந்த ஒருவருக்குத்தான் தப்பானது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். எந்த லிஸ்டிங்கிலும் டபிள்யூ வரிகளை மொத்தமாக அடிக்கக் கூடாது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்புப் பென்சிலால் ஒரு சொல்லாவது காரணம் எழுத வேண்டும். முதல் வாரம் எல்லோரும் முணுமுணுத்தார்கள். இரண்டாம் மாதம், காரணம் எழுதுவதைவிடக் கட்டத்தை அகலமாக்கிவிடுவது சுலபம் என்று கண்டுகொண்டார்கள். 41 எச்சரிக்கைகள் நான்காகக் குறைந்தன. நான்கு என்றால் யாரும் படிப்பார்கள்.

பேரன் இப்போது வேலைக்குப் போய்விட்டான். போன மாதம் வந்திருந்தபோது, அவன் எழுதிய ஒன்று திரையில் ஓடிக்கொண்டிருந்தது. எச்சரிக்கைகள் சரசரவென்று மேலே போயின. "இதெல்லாம் என்னப்பா?" என்றேன். "எல்லாம் பழசு தாத்தா" என்றான். உட்காரச் சொல்லி, அட்டெண்டரின் கதையைச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு ஒன்றும் பேசாமல், திரையை மேலே தள்ளி முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தான். நான் காபி போட உள்ளே போனேன்.